விடுபட்ட எட்டுக் கண்ணிகள்

வரவேண்டாம் என்று அத்தான் சொன்ன இடத்துக்குத்தான் ஆவுடையம்மாள் வந்திருந்தாள். வந்ததோடு நிற்காமல், இரண்டாவது வரிசையில், மேசையிலிருந்து பார்த்தால் நேராகக் கண்ணில் விழுகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பார்க்கட்டும், பார்த்தால் என்ன, கண்ணா அவிந்துவிடும். பாளையங்கோட்டையில் நூலகத்து மாடியில் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வாசகர் வட்டம் கூடும், ஒன்பது வருஷத்தில் அவள் வராமல் போனது மொத்தம் நாலே கூட்டம், அதுவும் மகளுக்கு அம்மை போட்டபோது இரண்டு, ஆய்வகத்தில் ஆளில்லாமல் ஞாயிற்றுக்கிழமையும் ரத்தம் எடுக்க வேண்டிவந்தபோது இரண்டு. இன்றைக்கு வராமலிருக்க அவளுக்கு அம்மையுமில்லை வேலையுமில்லை, அத்தானுடைய வாய்ச்சொல் ஒன்றுதான் இருந்தது. அத்தான் என்றால் அவள் புருஷனின் அண்ணன் முத்துக்குமாரசாமி, தபால் இலாகாவில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்த வட்டத்தின் தலைவர், அந்த மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறவர். கெட்ட மனுஷரா என்றால் அதுதான் இல்லை, கெட்டவராக இருந்தால் எவ்வளவு சௌகரியம், ஒரு வார்த்தை பேசிவிட்டு வாசலைச் சாத்தியிருக்கலாம். தம்பி போய் இரண்டு மாதம்கூட ஆகாத நாளில், வீட்டுக்குள்ளேயே கிடந்தால் மூச்சு முட்டும், வா என்று கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து இந்த மாடிப்படியில் ஏற்றிவிட்டவர் அவர்தான், அதற்கு அவர் வீட்டிலேயே எத்தனை பேச்சு வாங்கினார் என்பதும் அவளுக்குத் தெரியும். அதே மனுஷர்தான் புதன்கிழமை சாயங்காலம், பதினாலாம் தேதி பதிவாளர் அலுவலகத்தில் மாசிலாமணியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் அத்தான் என்று அவள் சொன்னபோது, சத்தம் போடாமல், முகத்தைக்கூடச் சுளிக்காமல், இதே கண்ணாடியை இப்படியே துடைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை நீ வரவேண்டாம் ஆவுடை, உன் பங்கை நானே வாசிச்சிருதேன்" என்றார். கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் வேண்டாம் என்று கேட்டிருப்பாள், அவர் சொன்னதோ வாசிப்பை, அதனால் அவள் அப்படியே படியிறங்கினாள்.

முதல் ஆளாக தர்ஷிகா எழுந்து வாசித்துக்கொண்டிருந்தாள், கல்லூரியில் இரண்டாம் வருஷம், வட்டத்திலேயே சின்னவள், அதனால் அவளுக்குப் பேதைப் பருவம். இப்படி வயசுப்படி பிரித்துக்கொடுத்ததே அத்தானுடைய யோசனைதான். எடுத்துக்கொண்டது எண்ணூறு வருஷத்துக்கு முந்தின ஓர் உலா, அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு சிற்றரசன்மேல் பாடியது. அவன் போரில் ஜெயித்துவிட்டு யானைமேல் ஏறித் தெருவழியே வருவான், பேதையிலிருந்து பேரிளம்பெண் வரைக்கும் ஏழு வயசுப் பெண்களும் தெருவுக்கு வந்து பார்த்து உருகுவார்கள், அவ்வளவுதான் கதை. வட்டத்தில் பெண்கள் சரியாக ஏழு பேர், உலாவில் பருவம் ஏழு, இதைவிடப் பொருத்தம் வாய்க்குமா என்று அத்தான் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டுப் போன மாதம் பட்டியலை வாசித்தார், ஆண்களெல்லாம் கைதட்டினார்கள், ஏழு பெண்களில் ஒருத்தியையாவது கேட்போம், அவரவர் வயசை இப்படிச் சபையில் அடுக்கலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை, படித்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. ஏழாவது ஆவுடையம்மாள், பேரிளம்பெண், என்று வாசித்தபோது பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிக்கிறவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும், இலக்கணத்தில் பேரிளம்பெண்ணுக்கு வயசு நாற்பதோடு முடிந்தது, அவளுக்கு ஆனி வந்தால் நாற்பத்தைந்து. அப்புறம் உள்ளவளுக்குப் பெயரே வைக்கவில்லை, பெயர் வைக்க மறந்தார்களோ, ஆளே இல்லை என்று நினைத்தார்களோ, போகட்டும், பெயரில்லாத பருவத்தில் கட்டுப்பாடும் இருக்காது. அந்தப் பட்டியலை வாசித்தபோது அவருக்கு மாசிலாமணியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆகவே அதில் குத்தல் இல்லை, இதை அவள் புதன்கிழமை ராத்திரியிலிருந்து நூறு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள். குத்தல் பட்டியலில் இல்லை, வரவேண்டாம் என்றதில்தான் இருக்கிறது.

வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, பதம் பிரித்து வாசித்து முடித்ததும் தலைவர் ஒரே கேள்வி கேட்பார், உங்களை இது என்ன செய்தது என்று. பொருள் சொல்லக்கூடாது, அணி சொல்லக்கூடாது, உள்ளதைச் சொல்லவேண்டும். கேட்டார். தர்ஷிகா சொன்னாள், அருவருப்பா இருந்தது சார், அஞ்சு வயசுப் பிள்ளை பொம்மைக்குச் சோறூட்டிக்கிட்டு இருக்கு, அதையும் இழுத்து வந்து ராஜா முன்னால் நிறுத்தணுமா, இதைப் போய் அழகுன்னு எப்படிச் சொல்றீங்க. சபை சற்று நெளிந்தது. அவள் சொன்னது சரிதான், நூற்றுக்கு நூறு சரி, ஆவுடைக்கு அந்தப் பெண்ணின் நிமிர்ந்த கழுத்தைப் பார்க்கவே பிடித்திருந்தது. பின்வரிசையில் ஒரு பெரியவர், காலத்தோடு வைத்துப் பார்க்கணும்மா, மோனையைப் பாரு எதுகையைப் பாரு என்று ஆரம்பித்தார், ஓர் இளைஞன் எழுந்து இந்தமாதிரி நூலையெல்லாம் பாடத்திலிருந்தே எடுக்கவேண்டும் என்றான், பெண்ணை வெறும் ராஜாவைப் பார்த்து மயங்குகிற கூட்டமாக ஆக்கிவிட்டார்கள் என்றான். அவனும் நல்ல பிள்ளைதான், ஆனால் அவன் பேசப்பேச ஆவுடைக்குள் ஏதோ முரண்டு பிடித்தது. மயங்கினால் என்னடா. ராஜாவைப் பற்றிப் பேசுகிறார்கள், புலவனைப் பற்றிப் பேசுகிறார்கள், அந்த ஏழு பேரும் தெருவில் நிற்கிறார்களே, அவர்கள் கண்ணை யாராவது பார்த்தார்களா, ஒருத்தி ஒருத்தனைப் பார்க்கிறாள், ஆசையாகப் பார்க்கிறாள், ஊரறியப் பார்க்கிறாள், அதைப் பெரியவரும் தொடவில்லை, இந்தப் பையனும் தொடவில்லை. ஒருவர் மோனையைக் கட்டிக்கொண்டு தப்பித்தார், ஒருவன் கோபத்தைக் கட்டிக்கொண்டு தப்பித்தான். பெதும்பை வந்து போனது, மங்கை வந்தது. மங்கைக்கு வயசு பதின்மூன்றாம், பதின்மூன்றில் ஆவுடை சங்கரன்கோவில் தெருவில் கதவிடுக்கில் நின்று சப்பரம் பார்த்தவள், ஏட்டி உள்ள போ என்று அப்பா சொல்லுமுன்னே உள்ளே போய்விடுகிற பிள்ளை, சப்பரத்தில் சாமி தெரிந்ததைவிட மேளக்காரனின் கன்னம் உப்பியதுதான் தெரிந்தது, அது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இருபத்திரண்டில் புருஷனாக அவர் வந்தார், நல்லவர், சத்தமில்லாதவர், பதின்மூன்று வருஷத்தில் அவளை அவர் ஒருதரம்கூட வையவில்லை, ஒருதரம்கூட உற்றுப் பார்த்ததுமில்லை, இதைச் சொன்னால் செத்தவரைக் குறை சொன்னதாகிவிடும், ஆகவே சொல்லமாட்டாள், ஆனால் நினைப்பதற்கு யார் அனுமதி கேட்கவேண்டும்.

மாசிலாமணியை யானைமேல் வைத்துப் பார்த்தாள், சிரிப்பு வந்தது, கைக்குட்டையால் வாயைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டாள். ஐம்பத்தொரு வயசு, முன்மண்டை முழுக்க வழுக்கை, இடது முழங்கால் மடங்காது, யானைமேல் ஏற்ற நாலுபேர் வேண்டும். ஆய்வகத்து நுண்ணோக்கியையும் ரத்தம் பிரிக்கிற இயந்திரத்தையும் பழுதுபார்க்க வருகிறவர், பெண்சாதி தவறிப் பத்து வருஷம், பிள்ளை இல்லை. முதல்தடவை வந்தபோது இயந்திரத்துக்கு என்ன என்று கேட்பதற்கு முன்னால், நீங்க காலையில சாப்பிட்டீங்களா, கை நடுங்குதே என்று கேட்டார். நாள் ஒன்றுக்கு அறுபது பேருக்கு ஊசி குத்துகிற கை, நடுங்குவதை அறுபது பேரில் ஒருவரும் பார்த்ததில்லை, அவரவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் நரம்பைத் தேடிப் பிடிக்கிறவள், விரலால் தொட்டாலே தெரியும் எது ஓடுகிறது எது ஒளிகிறது என்று, தன்னுடையதை மட்டும் யாரோ வந்து சொல்லவேண்டியிருந்தது. சித்திரையில் அவர் கேட்டார், வைகாசியில் அவள் சரி என்றாள், நடுவில் ஒரு மாதம் தூங்கவில்லை. மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது, பண்ணிக்கோம்மா, ஆனா பெரியப்பாட்ட நீயே சொல்லிரு, ஒளிச்சு வைக்காத என்றாள். ஒளிக்கவில்லையே, சொன்னாளே, சொன்னதற்குத்தானே இந்த வரவேண்டாம். ஒருவேளை இங்கே வந்தது தப்போ, அவரை இப்படிச் சபையில் வைத்துச் சங்கடப்படுத்துவது நன்றிகெட்டதனமோ, உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே அதுவோ. உள்ளங்கை வேர்த்தது. வீட்டுக்குப் போய்விடலாம், தலைவலி என்று தர்ஷிகாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினால் யாருக்கும் தெரியாது, பதினாலாம் தேதி பாட்டுக்கு வரும், கல்யாணம் பாட்டுக்கு நடக்கும். அப்புறம் அடுத்த மாதம் வரவேண்டாம் என்பார், தை பிறந்தால் பொங்கலுக்கு வரவேண்டாம் என்பார், மெல்ல மெல்ல அவளே வராமலாகிவிடுவாள், நல்லவர்கள் கதவைச் சாத்தும்போது சத்தமே கேட்பதில்லை. இல்லை, எழுந்திருக்கப் போவதில்லை, வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம்.

கைப்பைக்குள் நாலு தாள் மடித்து இருந்தது. அத்தான் எல்லாருக்கும் கொடுத்த பிரதியில் பேரிளம்பெண் பகுதி முக்கால் பக்கம் வந்து, நடுவில் வரிசையாகப் புள்ளிகள், கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு, சுவை குன்றியமையின் ஈண்டு எட்டுக் கண்ணிகள் விடப்பட்டன என்று. கண்ணி என்பது இரண்டடி, அப்போது பதினாறடி. சுவை குன்றியது யாருக்கு என்று அந்தப் பதிப்பாசிரியர் சொல்லாமல் போய்ச்சேர்ந்துவிட்டார். அவள் கீழே நூலகத்தில் பழைய அலமாரியைத் திறக்கச்சொல்லிக் கேட்டு, மேலட்டை கிழிந்த ஒரு முந்தின பதிப்பைக் கண்டுபிடித்து, ரத்தப் பரிசோதனைப் படிவங்களின் பின்பக்கத்தில் எட்டையும் எழுதியெடுத்தாள், இயந்திரம் சுற்றிமுடிகிற இடைவெளியில் உட்கார்ந்து அகராதி பார்த்துப் பிரித்தாள். எழுத எழுத அந்தப் பெண்பிள்ளை எண்ணூறு வருஷத்துத் தூசியை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். இதுவும் ஏதோ புலவன் தன் ராஜாவைக் குளிரவைக்க எழுதினதுதான், அவளுக்குத் தெரியாதா என்ன, அவன் பரிசில் வாங்கி வீடு கட்டியிருப்பான். இருந்தாலும் எழுதும்போது அந்த ஏழாமவள் அவன் கைக்குள் அடங்கவில்லை, அது அந்த எட்டுக் கண்ணியில் தெரிகிறது, அதனால்தான் புள்ளி வைத்தார்கள். மடந்தை முடிந்து அரிவை வந்திருந்தது, வாசித்த மருந்துக்கடைக்கார அம்மாள், நல்லாத்தான் இருக்கு ஆனா வீட்டில் யாராவது கேட்டால் வாசிக்கமுடியாது என்று உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தேநீரும் ஆமைவடையும் வந்தன. அத்தான் அவள் பக்கம் பார்க்கவேயில்லை, தட்டை நீட்டுகிறவரிடம் மட்டும் ஏதோ சைகை செய்தார், வடை அவளுக்கு இரண்டாக வந்தது. இதுதான் அவரிடம் கஷ்டம். அவள் இரண்டையும் தின்றாள், பசிக்கும் ரோஷத்துக்கும் சம்பந்தமில்லை.

ரெஜினா டீச்சர் தெரிவையை வாசித்தார், அழகாக, மணி அடித்ததுபோல் ஒவ்வொரு சீராக. இவ்வளவு ஆசையை நான் பாட்டில்தான் பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் இதை நடத்தும்போது வேகமாகப் பக்கத்தைத் தள்ளிவிடுவேன், அதை நினைத்து இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது என்றார் அவர். யாரும் கைதட்டவில்லை, ஆனால் எல்லாரும் கேட்டார்கள். இனி ஏழு. ஆவுடையின் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் அவளுக்கே கேட்டது, மின்விசிறியின் டக்டக் அதோடு சேர்ந்துகொண்டது, தொண்டையில் வடையின் காரம் இருந்தது. அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் பன்னிரண்டரை ஆகிவிட்டது, பேரிளம்பெண் பகுதி ஏறக்குறைய தெரிவை மாதிரியேதான் இருக்கிறது, பதிப்பாசிரியரே பாதியை விட்டிருக்கிறார், ஆகவே அதை அவரவர் வீட்டில் வாசித்துக்கொள்ளலாம், இனி நன்றியுரை என்று தாளைப் புரட்டினார். நானே வாசிக்கிறேன் என்றவர் அதைக்கூடச் செய்யவில்லை, ஆளையும் விட்டார், பாட்டையும் விட்டார். அந்த நிமிஷத்தில் ஆவுடைக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. பயந்ததெல்லாம் அவர் வாசித்துவிடுவாரோ என்றுதான் போலிருக்கிறது.

"அத்தான், ஏழாவது பங்கு என்னுது. நான் வாசிக்கேன்" என்று எழுந்து நின்றாள்.

சபையில் அவள் அவரை அத்தான் என்று கூப்பிட்டது அதுவே முதல்தடவை, ஒன்பது வருஷமாகத் தலைவர் அவர்களே என்றுதான். அவர் தலையைத் தூக்கினார். இரு, உட்கார் என்று அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை, அதற்குள் அவள் பிரதியிலிருந்த முக்கால் பக்கத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டாள். கூந்தலில் நரை, நெற்றியில் கோடு, தோழியர் பிடித்து இழுக்கிறார்கள், புள்ளிகள் வந்தன. அவள் நிறுத்தவில்லை, படிவங்களைப் பிரித்தாள், பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

"கண்டாள் களித்தாள் கழன்ற வளைகண்டும்
கொண்டாள் துணிவினைக் கூசாமல் – பண்டெல்லாம்"

என்று முதல் கண்ணி ஓடி அடுத்ததில் விழுகிறது. பண்டெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்றாள், இன்றைக்குக் கதவு அவளுக்குப் பின்னால் நிற்கிறது. தூதுபோகத் தோழி வேண்டாம், எனக்கு வாய் இருக்கிறது என்கிறாள். நரையை மறைக்கப் பூ வேண்டாம் என்கிறாள். ஊர் என்ன சொல்லும் என்கிறார்கள் தோழியர், ஊர் இதுவரைக்கும் எனக்கு என்ன சொன்னது, இனிமேல் சொல்ல என்கிறாள். வாசிக்க வாசிக்கக் குரல் ஆவுடைக்கே புதிதாக இருந்தது, ஊசி குத்துமுன் கையைத் தளர்த்திக்கொள்ளுங்கள் என்று சொல்கிற குரல் அது, யாரும் மறுக்காமல் கேட்கிற குரல். பின்வரிசைப் பெரியவர் எதுகைக்குத் தலையாட்டுவதை மறந்திருந்தார். கடைசிக் கண்ணியில் அந்தப் பேரிளம்பெண் யானையைப் பார்த்து, கொஞ்சம் மெல்லப் போயேன் என்று கேட்கிறாள், அதோடு எட்டும் முடிந்தது. வழக்கப்படி தலைவர் கேட்கவேண்டிய கேள்விக்கு எல்லாரும் காத்திருந்தார்கள். தலைவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தர்ஷிகாதான் மெல்லக் கேட்டாள்.

"உங்கள இது என்ன செஞ்சுதுக்கா?"

"ஒண்ணும் செய்யலம்மா" என்றாள் ஆவுடை. "இத வாசிக்கதுக்கு முன்னாலயே நான் முடிவு பண்ணியாச்சு. வர்ற பதினாலாம் தேதி எனக்குக் கல்யாணம், ரிஜிஸ்தர் ஆபீஸ்ல, பதினோரு மணிக்கு." யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "இதுல ஏழு பேரும் உருகுதாங்க. ராசா ஒருத்தி முன்னாலயும் யானைய நிறுத்தல, பாத்துக்கிட்டே போயிருதாரு. எனக்கு ஒருத்தர் நின்னாரு. அவ்வளவுதான் வித்தியாசம்." ரெஜினா டீச்சர் கண்ணை ஒற்றிக்கொண்டதும், அந்த இளைஞன் ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டதும் ஓரக்கண்ணில் தெரிந்தது. அழுகை அவளுக்கும் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டு மேசையை நேராகப் பார்த்தாள்.

"அத்தான், ரிஜிஸ்தர் ஆபீஸ்ல சாட்சிக்கு மூணு பேர் வேணும்கான். ரெண்டு பேர் இருக்காங்க. மூணாவது கையெழுத்து நீங்க போடணும்."

முத்துக்குமாரசாமி கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். கண்ணாடி இல்லாத முகம் அவள் புருஷனின் முகம் மாதிரியே இருந்தது, அவர் அவளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுடையம்மாள் உட்காரவில்லை. பதில் வருகிறவரைக்கும் நிற்பதாக உத்தேசம்.